முப்பத்தாறு இடத்தில் மூன்று வரி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் உன் மனைவியும் சின்னவளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? போன ஞாயிறு போனில் எனக்குப் பாடிக் காட்டியபோது பாதிப் பாட்டு பல்லிடுக்கு வழியாகக் காற்றாகப் போய்விட்டது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். விஷயம் நீளம். நீ நீளமான எதையும் பாதியில் வெட்டுகிற ஆள். சின்ன வயதில் வீட்டுத் திரைச்சீலையைக்கூட விட்டுவைக்காமல் வெட்டித்தானே 'கத்தரி' என்று பெயர் வாங்கினாய்.

எங்கள் கல்லூரியில் பாடநூல் தேர்வுக் குழு ஒன்று போட்டு, அதை என் தலையில் கட்டிவிட்டார் துறைத் தலைவர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பாரே, அந்த ஆகட்டும் சார்தான். "பாடம் எடுக்கறது நீங்க, பாடறதும் நீங்க. புத்தகத்தையும் நீங்களே பார்த்துச் சொல்லிடுங்களேன்" என்றார். குழுவில் இன்னும் மூன்று பேர் உண்டு. மூவரும் அட்டையைப் பார்த்துப் புத்தகத்தை எடை போடுகிறவர்கள்.

முதலாண்டு வாய்ப்பாட்டு வகுப்புக்கு ஒரு புத்தகம் வேண்டும். இப்போது இருப்பதில் வாயைத் திறக்கச் சொல்லவே நாற்பது பக்கம் ஆகிறது. போன வருடம் ஒரு பிரதியை மடித்துப் பியானோவின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை.

என் வழக்கம் உனக்குத் தெரியும். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டேன். முதல் பாடத்திலிருந்து மாணவியாக உட்கார்ந்து பாடிப் பார்ப்பேன். புத்தகம் சொல்வதை மட்டும் செய்வேன். இருபது வருடத்தில் எனக்குத் தெரிந்ததை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கமாட்டேன். ஏனென்றால், வாங்கப்போகிற பெண்ணுக்கு அது தெரியாது. அவளிடம் புத்தகம் மட்டும்தான் இருக்கும். பியானோ கெட்டால் வேறு வாங்கலாம், தொண்டை கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது?

பார்வைக்கு வந்திருக்கிற நாலு புத்தகமும் தேறவில்லை. உங்கள் அச்சகத்தில் ஏதாவது குரல் பயிற்சிப் புத்தகம் போட்டிருந்தால் அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முன்பல் பாதி முளைத்துவிட்டது. மீதிப் பாதி முளைத்ததும் அத்தைக்கு முழுப் பாட்டு உண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சரியான நேரத்தில் கேட்டாய். இத்துடன் நீல அட்டைப் புத்தகம் ஒன்று வருகிறது. முப்பத்தாறு பாடம். எழுதியவர் வயதான பாட்டு வாத்தியார். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததைக் கடைசியில் கைப்பட எழுதிக் கொண்டுவந்தார். புரூஃப் பார்க்கும் முன்பே காலமாகிவிட்டார், பாவம். மகன் வந்து, படிக்காமலே ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் பாட்டுக்கும் வெகுதூரம்.

இந்தப் புத்தகத்துக்குப் பக்கம் கட்டியது நான்தான். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் மிஷினில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பன்னிரண்டு ஃபாரம் என்றால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். இது நூற்றுத் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டினால் பதின்மூன்று பக்கம் வெறும் வெள்ளைத்தாள். முதலாளி, "கத்தரி, எதையாவது பண்ணுடா" என்றார். நான் பார்த்தேன். பெரியவர் ஒவ்வொரு பாடத்துக்கு அடியிலும் ஒரே குறிப்பைக் கட்டம் கட்டி எழுதியிருந்தார். மூன்று மூன்று வரி. எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். முப்பத்தாறு இடத்தில்! வயதானால் சொன்னதையே சொல்வார்கள் இல்லையா? முப்பத்தாறையும் தூக்கி, ஒன்றை மட்டும் முன்னுரைக்கு அடியில் போட்டேன். கணக்காகப் பன்னிரண்டு ஃபாரத்தில் உட்கார்ந்தது. முதலாளி தன் கையால் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

நம் வீட்டில் சங்கு என்று பெயரெடுத்த உன் தொண்டையில் இந்தப் புத்தகம் தேறினால், எங்கேயும் தேறும்.

பிரியமுள்ள தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் என் விசாரிப்பு. நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால் சும்மா மரியாதைக்கு இல்லை, நிஜமாகவே.

உன் நீலப் புத்தகத்தைப் பற்றி என்ன சொல்ல! எழுதியவர் தொண்டைக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர் மாதிரி எழுதியிருக்கிறார். வளவளப்பு இல்லை. "நில். வாயைத் திற. முழுக் குரலில் பிடி. மூச்சு முடியும் வரை பிடி. இருபது முறை." அவ்வளவுதான் முதல் பாடம். இரண்டாவது, அதையே ஒரு படி மேலே. மூன்றாவது, இன்னும் மேலே. இவ்வளவு கடுமையாக யாரும் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டே வாரத்தில் என் குரல் வளர்ந்துவிட்டது, தம்பி. கீழ் வீட்டம்மா மாடியேறி வந்து, "என்னம்மா, வீட்டுல ரெண்டு பேர் பாடறாப்ல இருக்கே?" என்றாள். இருபது வயதில் இருந்த குரல் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எங்கே நிறுத்துவது என்று புத்தகம் சொல்வதில்லை. ஒரு பாடம் முடிந்ததும் அடுத்த பாடத்தின் தலைப்பு. ஆகவே காலையில் மூன்று பாடம், கல்லூரி விட்டு வந்ததும் மூன்று பாடம் என்று போகிறேன். ஆர்வமுள்ள பெண் அப்படித்தானே செய்வாள்? நேற்றிலிருந்து கொஞ்சம் கரகரப்பு. ஆனால் நான்காம் பாடத்திலேயே பெரியவர் எழுதிவிட்டார்: "குரல் கட்டினால் அஞ்ச வேண்டாம்." எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார் மனிதர்.

முன்னுரைக்கு அடியில் அவர் படம் போட்டிருக்கிறீர்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரி பார்க்கிறார். படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாம்.

சின்னவளுக்கு என் முத்தம்.

உன் சங்கு


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ?

ஏன் கேட்கிறேன் என்றால், ஞாயிறு போனில் உன் குரல் சரளைக்கல் ரோட்டில் வண்டி ஓட்டின மாதிரி இருந்தது. சின்னவள், "அப்பா, இது அத்தை இல்ல, வேற யாரோ" என்று போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். ஜலதோஷம் என்று நீ சொன்னதும் நான்தான் சமாதானப்படுத்தினேன். வெந்நீர் குடி. கொஞ்ச நாள் பாடாமல்தான் இரேன். புத்தகம் எங்கே ஓடிப்போகிறது?

முதலாளியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கல்லூரி எடுத்துக்கொண்டால் இரண்டாம் பதிப்புப் போட்டுவிடலாம் என்று இப்போதே தாளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பக்கம் கட்டும் பிரிவு முழுவதையும் என்னிடம் விடப்போவதாகவும் பேச்சு. எல்லாம் உன் தொண்டை புண்ணியம்.

பிரியமுள்ள தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருங்கள்.

மூன்று ஞாயிறாகப் போன் அடித்திருப்பாய். லைனில் ஏதோ கோளாறு. எழுதிக் கொடுத்திருக்கிறேன், எப்போது வருவார்களோ தெரியாது. அதுவரை கடிதமே போதும். பேசுவதைவிட எழுதுவது எனக்கு இப்போது சௌகரியமாகவும் இருக்கிறது. சின்னவளிடம் பாட்டை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். நீ வெட்டிய குறிப்பை முன்னுரைக்கு அடியில் போட்டதாக எழுதினாயே, அது எங்கே? நான் தேடிவிட்டேன். அந்த இடத்தில் பெரியவர் படம்தான் இருக்கிறது. முன்னால் இல்லை, பின்னால் இல்லை, பின்னட்டையிலும் இல்லை. முப்பத்தாறு முறை ஒருவர் ஒரே விஷயத்தைச் சொன்னார் என்றால் அது மறதியாக இருக்கலாம். மறந்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம்.

ஜூன் இருபதாம் தேதி குழு கூடுகிறது. அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டால் ஜூலையில் முப்பத்தொரு பேர் கையில் இந்தப் புத்தகம் இருக்கும். அந்த மூன்று வரியில் என்ன இருந்தது என்று பார்த்து உடனே எழுது. அவசரம் என்று நான் எப்போதும் சொல்பவள் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று நீ எழுதியதைப் பார்த்த பிறகுதான் மனசு லேசானது. நாங்களும் அப்படியே. பதில் எழுத நான்கு வாரம் ஆனதற்குத் திட்டாதே. பிரிவு முழுக்க என் பொறுப்புக்கு வந்ததிலிருந்து தலையைச் சொறிய நேரமில்லை. எனக்கென்று கதவு வைத்த அறை கொடுத்திருக்கிறார்கள். கதவு சரியாகச் சாத்தாது, ஆனாலும் கதவு.

நீ கேட்ட விஷயம். கடைசி நேரத்தில் மகன் கொண்டுவந்த படத்துக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அதனால் என்னைக் கேட்காமலே அந்தக் குறிப்பையும் எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் பிரதி மாடியில் பழைய கட்டுகளுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. நினைவிலிருந்து சொல்கிறேன். பாடம் இத்துடன் முடிந்தது என்கிற மாதிரி ஏதோ வழக்கமான வாசகம். உனக்குப் பயன்படக்கூடியது எதுவும் இல்லை. நீதான் முழுவதும் பாடிப் பார்த்துவிட்டு நலமாக இருக்கிறாயே, அதைவிட என்ன சான்று வேண்டும்?

போன் சரியானதும் சொல். சின்னவள் தினமும் கேட்கிறாள்.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. வயிற்றில் பாலை வார்த்தாய். எல்லோரும் சௌக்கியம்தானே? நான் சௌக்கியம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கூட்டம் கால் மணி நேரம்தான். என் அறிக்கையை வயலின் ஆசிரியரைப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும் அவர், "நீங்களே பாடிப் பார்த்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: குரல் பெரிதாகிறது. அது உண்மைதான், முதல் இரண்டு வாரத்துக்கு. "ஏன் எழுதிக் காட்டறீங்க?" என்றார். தொண்டை கட்டியிருக்கிறது என்று அதற்கடியில் எழுதினேன். ஆகட்டும் சார், "ஆகட்டும் ஆகட்டும், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். என் பேனாவையே கொடுத்தேன்.

உன் பதில் வரும் வரை எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை இனி எழுதி என்ன பயன்? வெட்டியதில் ஒன்றுமில்லை என்று நீயே சொன்ன பிறகு, கோளாறு புத்தகத்தில் இல்லை என்று தெளிவாகிவிட்டது. அந்த மாதிரிப் பெரிய குரலெல்லாம் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு. நாற்பத்தேழு வயதில் நான் ஆசைப்பட்டது அதிகம். புத்தகம் சரி, வயதுதான் சரியில்லை.

போன் இன்னும் சரியாகவில்லை.

அன்புடன் அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எல்லோரும் நலம்தானா? வேலையா, கோபமா? நான் இருக்கிறேன்.

வகுப்பு தொடங்கி எட்டு வாரம். முப்பத்தொரு நீல அட்டை. நான் இப்போது பாடிக் காட்டுவதில்லை. கரும்பலகையில் எழுதிவிடுவேன். பியானோவில் சுரத்தைத் தொட்டுக் காட்டுவேன். மற்றதெல்லாம் புத்தகம் பார்த்துக்கொள்கிறது. முதல் நாளே பலகையில் பெரிதாக எழுதிவிட்டேன்: "புத்தகம் சொல்வதை மட்டும் செய்யுங்கள். சொந்த புத்தியைச் சேர்க்காதீர்கள்." என் வழக்கம்தான்.

அவர்களில் ஒருத்தி, தையல்காரர் மகள். ஒல்லியாக, நெட்டையாக, பாடும்போது தன்னையறியாமல் ஒரு காலை மடக்கி ஒற்றைக் காலில் நிற்பாள். அதனால் கொக்கு என்று கூப்பிடுகிறார்கள். அவள் வாயைத் திறந்த முதல் நாள், பக்கத்து வகுப்பிலிருந்து வயலின் ஆசிரியர் வில்லைக் கையில் பிடித்தபடியே வந்து வாசலில் நின்றுவிட்டார். நம் தெருவில் என்னைச் சங்கு என்றார்களே, இவள் முன்னால் நான் சைக்கிள் மணி. மற்றவர்கள் பன்னிரண்டாம் பாடத்தில் இருக்கும்போது இவள் இருபத்து நான்கை முடித்துவிட்டாள். "எவ்வளவு நேரம் சாதகம் பண்ணுகிறாய்?" என்று எழுதிக் கேட்டேன். "அப்பா மிஷின் நிறுத்தற வரைக்கும், மிஸ்" என்றாள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. வருகைப் பதிவு எடுக்கும்போது ஜூலையில் ஒவ்வொருத்தியும் கூரை அதிரக் குரல் கொடுத்தாள். இந்த மாதம் பாதி வகுப்பு கரகரக்கிறது. ஜன்னலுக்கு வெளியே புதுக் கட்டடம் எழுப்புகிறார்கள், சிமென்ட் தூசி என்று நினைத்தேன். போன திங்கட்கிழமை மூன்று பேர் குரலே கொடுக்கவில்லை, கையைத் தூக்கினார்கள். அதில் ஒரு கை கொக்கினுடையது.

நான்காம் பாடத்தைத் திறந்து காட்டினேன். குரல் கட்டினால் அஞ்ச வேண்டாம். தலையாட்டிவிட்டுப் போனாள்.

தம்பி, எனக்கு அச்சமாக இருக்கிறது. உடனே எழுது.

அக்கா


செப்டம்பர் 9

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்ததும் உனக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. லைனில் ஒரு கோளாறும் இல்லை. நீ எடுத்தாய். நான் "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டாய்.

கீழ் வீட்டுக்கு அடித்தேன். அந்தம்மா, "உங்களுக்குத் தெரியாதாப்பா? அவங்க பேசி நாலு மாசமாச்சே. பால்காரர்கிட்டகூட ஸ்லேட்டுல எழுதித்தான் காட்டறாங்க. டாக்டர் வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாராம்" என்றார். உன்னிடம் அந்தப் புத்தகத்தை மூடச் சொல்லும்படி அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். சொன்னாரா?

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஜூனில் நான் உனக்குப் பொய் எழுதினேன். பிரதி மாடியில் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதும்போது அது என் மேஜை மேல், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. வெட்டும்போது எல்லாம் ஒரே வாசகமா என்று பார்த்தேனே தவிர, என்ன சொல்கிறது என்று மனதில் வாங்கவில்லை. உன் மே மாதக் கடிதம் வந்த அன்றே எடுத்துப் படித்துவிட்டேன். அந்த மூன்று வரி இதுதான்:

"இத்துடன் நிறுத்து. இன்று இனிப் பாடாதே, பேச்சையும் குறை.
குரல் கட்டியிருந்தால் முழுதும் தெளியும் வரை அடுத்த பாடத்தைத் திறக்காதே.
மீறினால் இந்தப் பயிற்சி குரலைக் கொன்றுவிடும்."

முப்பத்தாறு இடத்திலும் இதுதான், அக்கா. ஒரு பாடத்துக்கு ஒரு நாள். கட்டினால் பல நாள். அஞ்ச வேண்டாம் என்று அவர் சொன்னது இதை நம்பித்தான்.

படித்ததும் முதலாளி அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் கதவு வைத்த அந்த அறையைக் கொடுத்தார்கள். முதலாளியிடம் சொன்னால் புத்தகத்தோடு நானும் வெளியே போவேன் என்று பயந்தேன். உன் கடிதத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். நலமாக இருக்கிறேன் என்றுதான் அதில் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கே ஒன்றும் ஆகவில்லை, வேறு யாருக்கு ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கையெழுத்துப் போட்டதாக எழுதிய பிறகு உனக்கு எழுதவே கை வரவில்லை.

இன்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் பதிப்பு மிஷினில் ஏறவில்லை. "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா அப்பவே" என்று மட்டும் சொன்னார். மேஜையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். அது இருக்கட்டும். பெரியவரின் கைப்படப் பக்கம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் மேல் கோபமா என்று கேட்கக்கூட வாயில்லை. கேட்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிட்டேன். அந்த வரியை நான் நான்கு மாதம் பொய்யாக எழுதினேன். நீ அதை நம்பினாய், நம்ப உனக்கு வசதியாகவும் இருந்தது.

கீழ் வீட்டம்மா அன்று மாலையே வந்து, "உங்க தம்பி ஏதோ பொஸ்தகத்த மூடச் சொல்றாரு, அழுவறாரு" என்றாள். எந்தப் புத்தகம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் எல்லோருடைய புத்தகத்தையும் மூடவைத்தேன். உன் கடிதம் வந்ததும் பெரியவரின் பக்கத்தைக் கரும்பலகையில் ஒட்டினேன்.

என் தொண்டையில், உழைக்கிறவர்களின் உள்ளங்கையில் ஏறுமே, அந்த மாதிரிக் காய்ப்பு ஏறியிருக்கிறதாம். மே மாதமே பார்த்தார் டாக்டர். "ரொம்பக் கத்தினீங்களா?" என்றார். பாட்டு வாத்தியாரிடம் இப்படிக் கேட்டதில் எனக்கு ரோஷம் வந்து, இல்லை என்று தலையாட்டிவிட்டேன். வயசானா வர்றதுதான் என்று எழுதிக்கொண்டார். பேச்சு ஒருவேளை வரும், பாட்டைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார். வகுப்பை வரிசையாக அவரிடமே கூட்டிப்போனேன். நான்கு பேருக்கு வீக்கம், ஓய்வெடுத்தால் வடிந்துவிடும். மற்றவர்கள் தப்பித்தார்கள், சோம்பேறிகள் என்பதால். மாணவிகளின் சோம்பலுக்கு நான் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

கோபமா என்று கேட்டாய். கோபம்தான். கடிதத்தைக் கிழிக்கக் கையில் எடுத்தேன், பெரியவரின் எழுத்து உள்ளே இருந்ததால் விட்டேன். நீ அறியாமல் வெட்டியதை நான் பொறுப்பேன். அறிந்த பிறகு நான்கு வாரம் காத்திருந்து ஒரு பொய் எழுதினாயே, அதற்கு என்னிடம் இப்போது மன்னிப்பு இல்லை. வரும்போது சொல்கிறேன். என் மேலும் அதே அளவு கோபம் இருக்கிறது. மூன்றாம் வாரமே தொண்டை சொன்னதை, புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை என்பதற்காகக் கேட்காமல் விட்டவள் நான். எனக்குத் தெரிந்ததை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காத பெருமைக்காரி.

நேற்று வகுப்பில் எல்லோரையும் அந்த மூன்று வரியைத் தத்தம் புத்தகத்தில் முப்பத்தாறு இடத்திலும் கையால் எழுதவைத்தேன். மூன்று மணி நேரம் பேனா சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. முப்பது பேர் எழுதினார்கள்.

கொக்கு பதினொரு நாளாக வரவில்லை. அவள் அப்பா கடை திறந்திருக்கிறதாம். மிஷின் ஓடுகிறதாம். முன்பெல்லாம் மாடியிலிருந்து பாட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும், இப்போது மிஷின் சத்தம் மட்டும்தான் என்று அந்தத் தெருவிலிருந்து வருகிற பெண் சொன்னாள். அவள் புத்தகத்தின் முப்பத்தாறு இடமும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

நாளைக் காலை போகிறேன். கடையைத் தாண்டிப் பக்கத்துப் படியில் ஏறி மாடிக் கதவைத் தட்டுவேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் மூன்று நாளாகப் போகாமல் தள்ளிப்போட்டேன். தட்டினால் உள்ளேயிருந்து "யாரது?" என்று அவள் கேட்க வேண்டும். கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் அவள் கேட்டுவிட வேண்டும், தம்பி. வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

அக்கா